மரத்தூளில் புதைந்த அன்று

பத்துபஸ்தி வீட்டு முற்றத்தில் காலையிலிருந்து தச்சர் படாக் மரப் பலகை இழைக்கிறார். அந்தத் தூள் வாசம் மூக்கில் ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்ததில் அவருக்கே தலை சுற்றிவிட்டது. "அரே சார், ஒரு ஜாகால உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். உனக்கு எழுதுகிறேன். நீ இறந்துபோன செய்தி வந்து ஒரு மாதம் ஆகிறது.

அப்போது நாம் வேலை பார்த்த லாங் ஐலண்ட் தீவில், மர மில்லுக்குப் பின்னால் தூள் மலையாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சரிவில் சைக்கிளை விட்டு, கட்டைமேல் சாய்த்த பலகையில் ஏறி, ஆகாயத்தில் எழும்பி, தூளில் பொத்தென்று விழுவோம். நீ மேலே இருக்கும்போதே இரண்டு கையையும் விட்டுவிட்டு, விழுவதற்குள் திரும்பப் பிடிப்பாய். மில் வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் "வாஹ், வாஹ்!" என்று கைதட்டுவார்கள். நானோ ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொள்வேன்.

"விடுறா மாப்ளே, ஒரு செகண்டுதான்!"

"விட்டா சைக்கிள் தனியா போயிடும்டா."

"போகட்டுமே! நீ சொர்க்கத்துக்கே ஹேண்டில்பாரோடதான் போவே."

என் மனைவி சொன்னது வேறு. "ரெண்டு பிள்ளைக்கு அப்பா. பிள்ளைங்க ஒழுங்கா இருக்கு, இவருக்குத்தான் பல்டி."

உனக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. நீ கப்பல் ஏறுவதற்குள் கையை விட்டுக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று கடைசி நாளும் வந்துவிட்டது. கப்பல் நாள் என்றால் தீவே கப்பல் துறையில்தான் நிற்கும். கிளம்புகிறவரைக் கட்டிப்பிடித்து, கயிறு அவிழ்க்கும்வரை நின்று கையசைத்து அனுப்புவதுதான் நம் வழக்கம். நான் மட்டும் போகவில்லை. கப்பல் மில் ஓரமாகத்தானே திரும்பும், அப்போது நீ மேல்தளத்தில் நின்று பார்ப்பாய் என்று என் அறிவு கணக்குப் போட்டது.

சங்கு ஊதியது. கப்பலின் மூக்கு தெரிந்ததும் சைக்கிளைச் சரிவில் விட்டேன். பலகை, காற்று. விட்டேன் ஐயா, இரண்டு கையையும்! கண்கூடத் திறந்திருந்தது. திரும்பப் பிடிக்கத்தான் ஹேண்டில்பார் அங்கே இல்லை. இடுப்புவரை தலைகீழாகத் தூளில் புதைந்தேன். காலை உதறி, வாயிலிருந்த தூளைத் துப்பி நிமிர்ந்தபோது கப்பலின் முதுகுதான் தெரிந்தது.

வீட்டில் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அவரு படியில ஏறாம உங்களைத்தான் தேடிக்கிட்டே நின்னாரு. கடைசியில கப்பல்காரன் திட்டித்தான் ஏறினாரு. ஏறினவரு நேரா உள்ள போயிட்டாரு" என்றாள்.

அதன்பிறகு நீ இரண்டு கடிதம் எழுதினாய். பிள்ளைகள் நலமா, மழை உண்டா என்றெல்லாம் கேட்டாய். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. திட்டியாவது இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ கேட்காததால் வெட்கத்தில் நானும் பேச்சை எடுக்கவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

இன்றைக்கும் வீட்டில் யார் மெயின்லேண்ட் கிளம்பினாலும் அவர்களுக்கு முன்னால் நான் விமான நிலையத்தில் நிற்கிறேன். "அப்பா, நான் இன்னும் குளிக்கவே இல்ல" என்று மகள் கத்துகிறாள். கத்தட்டும். திரும்பிப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் நான் பட வேண்டும்.