கடைசி வளைவு

ஏப்ரல் 7

மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் பரீட்சைக்குத்தான். வீட்டில் முதல் பட்டதாரி நான். படிப்பு முடிந்த பிறகும் இவளுக்கு என்ன எழுத்து என்று உம்மா கேட்பார்.

பெருநாள் முடிந்ததும் மருதமுனையிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மிஹ்லார், கணித ஆசிரியர். அவருடைய வாப்பா மீராமுகைதீன் ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். எங்கள் முன் அறையில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, அதிகம் கதைக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார். வாப்பா அடுத்த நாளே அந்த அறைக்கு டைல்ஸ் போட ஆள் பிடித்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு, எங்கள் பக்க வழக்கப்படி, மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது இங்கேதானே.

மிஹ்லார் நேற்று ஃபோனில் கதைத்தார். நான் ஓம், ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஓம் எண்டதுக்குப் பிறகு கெம்பஸில வேற ஒண்டும் படிச்சுத் தரல்லயா?"

சிரித்துவிட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 10

அவருக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. குதிரை.

வாப்பா மரக்கறி லொறி ஓடிய காலம். பள்ளிக்கூட லீவுக்கு என்னையும் நுவரெலியாவுக்கு ஏற்றிக்கொண்டு போவார். கரட்டும் லீக்ஸும் ஏற்றும் வரை நான் லொறிக்கு மேலே நின்று பந்தயத் திடலைப் பார்ப்பேன். குதிரைகள் வளைவில் திரும்பும்போது லொறித் தகரம் அதிரும். அல்லது என் நெஞ்சுதானோ. பிறகு பேராதனையில் படித்தபோது ஒவ்வொரு ஏப்ரலும் போனேன். ஒரு சதம்கூடப் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் ஊரில் குதிரைப் பந்தயம் என்றால் சூது, அவ்வளவுதான். பார்க்க மட்டும் போகிற ஒரு பெண் இருப்பாள் என்று யார் நம்புவார்கள்?

துசாந்தினி கூப்பிடுகிறாள். காரைதீவுக்காரி, கெம்பஸில் என் அறைத்தோழி, இப்போது நானுஓயாவில் படிப்பிக்கிறாள். "கலியாணம் முடிஞ்சா உன்னை ஆர் விடப்போறாங்க? கடைசியா ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ."

கடைசியா. அந்தச் சொல் குத்தியது.

துசாந்தினியிடம் போய்வருகிறேன் என்றேன். குளிருக்குப் போர்த்திக்கொள் என்றார் உம்மா.

ஏப்ரல் 19

யா அல்லாஹ். நான் என்ன செஞ்சிட்டன்.

ஏப்ரல் 20

வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

முகத்தில் மாஸ்க், தலையில் கறுத்த ஷால். பெற்ற உம்மாவுக்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது. வேலியோடு இடம் கிடைத்தது. பெரிய ஓட்டம் தொடங்கியது. கடைசியில் ஓடிய ஒரு வெள்ளைக் குதிரை ஒவ்வொன்றாக முந்தி வந்தது. பக்கத்தில் கம்பளித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் கம்பியில் தட்டித் தட்டி, "வா மனே, வெளியால வா, உட்றாத" என்று அதோடு கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. திரும்பினேன்.

ஹாஜியார்.

சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் பெரியவரைக் கண்டால் வாய் தானாகத் திறக்கிறதே. ஸலாம் சொன்னேன். அவரும் பதில் சொல்லிவிட்டு, குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆருட மகள்?" என்றார்.

கேட்டால் சொல்லித்தானே பழக்கம். "லொறி சப்ரிட மகள்."

கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். குதிரைகள் கடைசி வளைவுக்கு வருகின்றன, அவர் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டார். நான் அப்படியே நின்று முடிவைப் பார்த்தேன்.

துசாந்தினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர். "மாஸ்க்கும் போட்டு, வாப்பாட பேரையும் குடுத்திட்டு நிக்கிறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 24

நாள் குறிக்க நேற்று வருவதாக இருந்தார்கள். வரவில்லை. ஹாஜியாருக்குத் தடிமலும் இருமலுமாம். மிஹ்லாரின் ஃபோனும் இல்லை.

டைல்ஸ் பாதி அறை வரை வந்திருக்கிறது. மீதி வெறும் சீமெந்து. "வேலைய நிப்பாட்டச் சொல்லவா?" என்று வாப்பா உம்மாவிடம் மெதுவாகக் கேட்டது என் அறைக்குக் கேட்டது.

என்ன நினைச்சிரிப்பாரு? சூதாடுற புள்ள எண்டா? நான் பார்க்கத்தானே போன? அவரும்தானே நிண்டாரு? ஆனா அவரு ஹாஜியார். அவர்ட்ட ஆரு கேள்வி கேக்கிற?

ஏப்ரல் 25

வாப்பாவிடம் சொல்லிவிட நினைத்தேன். சோறு போடும்போது வாய் வரை வந்தது. "ஆணம் நல்லாரிக்கி மகள்" என்றார். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

ஏப்ரல் 27

வந்தார்கள்! எல்லாரும் டைல்ஸ் பார்க்க எழும்பிப் போக, ஹாஜியார் மட்டும் விறாந்தையில் இருந்தார். தேநீர்க் கோப்பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வீட்ட ஒண்டும் சொல்லல்லதானே, மகள்?"

"இல்ல, மாமா."

"நானும் சொல்லல்ல. இஞ்ச வந்தா நீங்க வாய் உட்டிருவீங்களோ எண்டு பயந்துதான் தடிமல் எண்டு படுத்த. நான் காசு கட்டுறல்ல, மகள். சின்ன வயசிலரிந்து பார்க்கிற பைத்தியம். ஊருக்கு அத எப்படி விளங்கப்படுத்துற?"

"எனக்கும் அதே பைத்தியம்தான், மாமா."

அவர் விட்ட மூச்சு தேநீரின் ஆவியைக் கலைத்தது. பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்:

"அந்த வெள்ளை… வெண்டிச்சா?"

அவர் பாதியில் போனவர் அல்லவா. மருதமுனையில் யாரிடம் போய்க் கேட்பார், பாவம்.

"ரெண்டாவது, மாமா. ஒரு தலை வித்தியாசம். கடைசி வளைவில ஜொக்கி உள்பக்கமா எடுத்தான், முன்னால வழி அடைபட்டுப் போச்சு."

"நான் சொன்னேனே, வெளியால வா வெளியால வா எண்டு!" தொடையில் அடித்தார். தேநீர் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. உம்மா ஓடிவந்தார்.

"சீனி காணுமா, இன்னும் போடவா எண்டு கேட்டன்" என்றேன்.

"காணும், காணும்" என்றார் ஹாஜியார்.

நாள் குறித்தாயிற்று. இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 28

மிஹ்லார் கதைத்தார். "வாப்பா ஒரே உங்கட புகழ்தான். அப்படி என்ன கதைச்ச நீங்க?"

"சீனி காணுமா எண்டு கேட்டன்."

இவரிடம் இப்படியே மறைத்துக்கொண்டு இருக்க எனக்கு விருப்பமில்லை.

மே 4

டைல்ஸ் முடிந்தது. வெறுங்காலோடு நடந்தால் குளிர்கிறது.

ஹாஜியார் மாம்பழம் கொண்டுவந்தார். ஒரு மணித்தியாலம் வாப்பாவோடு லொறிக் கதை. அவர் தனியாகும் வரை நான் பார்த்திருந்தேன். வாப்பா பழத்தை உள்ளே எடுத்துப் போக, அவர் வாசலில் செருப்பைப் போடக் குனிந்தார்.

"மாமா, ஒண்டு கேக்கவா?"

நிமிர்ந்தார்.

"அடுத்த ஏப்ரல் என்னையும் கூட்டிப் போங்க. அதுக்கு முதல் மிஹ்லார்ட்ட நாம ரெண்டு பேரும் சேந்தே சொல்லிருவம். பாதியில மட்டும் போயிராதீங்க, மாமா."