டயரின் ஓரத்து முடி

மார்ச் 4
அமெச்சூர் பைக் பந்தயத்துக்கு இன்னும் இருபது நாள். பயிற்சி மைதானத்தில் என்னைப் பார்த்தாலே பாதிப் பேர் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார்கள். டயர்தான் பாக்கி. மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, டயர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் இரண்டு வகை: பந்தயக்காரர்கள் போடும் மெத்தென்ற சிங்க மார்க், தினசரி ஓட்டத்துக்கான கெட்டியான அம்பு மார்க். நான் சிங்கத்தைத் தொட்டதும், உங்களுக்கு அம்பே போதும் என்றான். உசத்திச் சரக்கை விற்க மாட்டேன் என்கிற கடைக்காரன் உலகத்தில் இவன் ஒருவன்தான். என்னவோ இருக்கிறது.

மார்ச் 6
மச்சான் கடைக்கு எதிரே இருக்கும் சலூனில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். இரண்டு மணி நேரம். ஒருத்தருக்கும் சிங்கத்தைக் காட்டக்கூட இல்லை. யாருக்காகப் பதுக்குகிறான்? சலூன்காரர் சும்மா உட்கார விடவில்லை, இரண்டு தடவை சவரம். கன்னம் எரிகிறது.

மார்ச் 9
சண்டை போட்டுச் சிங்கத்தையே மாட்டிக்கொண்டேன். பயிற்சியில் முழங்கால் தரையில் உரசி நெருப்புப் பறந்தது. (நெருப்பு கொஞ்சம்தான்.)

மார்ச் 10
இரண்டாவது வளைவில் டயர் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் தோல் போயிற்று. நூற்றிருபதில் போனதாக வீட்டில் சொன்னேன். மனைவி மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை விழுந்தா வண்டி இந்த வீட்ல நிக்காது." சொன்னால் செய்வாள்.

பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டான், வேறென்ன? தயாரித்த வாரமும் வருடமும் டயரின் பக்கவாட்டில் நான்கு எண்ணாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இந்த வருடம், இரண்டாவது வாரம். அதையும் மாற்றியிருப்பானோ?

மார்ச் 12
மச்சான் நலம் விசாரிக்க வந்தான். என் முழங்கையைப் பார்க்கவில்லை. நேரே போய் டயர் முன்னால் குந்தினான்.

"அத்தான், சிங்கம் சூடேறினாத்தான் பிடிக்கும். அதுக்கு வளைவுல வண்டிய நல்லா சாய்க்கணும். நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு. ரெண்டு ஓரத்துலயும் ரப்பர் முடி அப்படியே நிக்குது பாருங்க."

புது டயரில் குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த முடி.

அன்றைக்குக் காற்று அதிகம் என்றேன்.

"அக்காகிட்ட சொல்லல," என்றான்.

ஏன் சொல்லவில்லை? எந்த நேரத்துக்காக வைத்திருக்கிறான்?

மார்ச் 13
முந்திக்கொண்டேன். நகவெட்டியால் முடியை எல்லாம் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. இப்போது யார் பார்த்தாலும் வண்டி படுத்துக்கொண்டே ஓடியது என்பார்கள். கறுப்புத் துணுக்குகளைப் பெருக்கிய மனைவி, "யாருக்கு மீசை எடுத்தீங்க?" என்றாள். பந்தயத்தன்று இரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில்தான் உட்காரப்போகிறாளாம். ஏன் அந்த வளைவு? யார் சொல்லிக் கொடுத்தது?

மார்ச் 20
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது டயர். பிடிக்குமா?

மார்ச் 22
சிங்கத்தின் நிறம் என் வண்டிக்கு எடுக்கவில்லை என்று மச்சானிடம் சொன்னேன். சிங்கத்தின் கறுப்பைக் கழற்றி அம்பின் கறுப்பை மாட்டினான். நான் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அதுதான் உதைக்கிறது.

மார்ச் 24
ஒன்பதாவது. மொத்தம் பதினொரு பேர். விழவில்லை. இரண்டாவது வளைவில் மனைவி எழுந்து நின்றது தெரிந்தது. வெளியே கேட்டால் மூன்றாவது என்று சொல்வதாக உத்தேசம்.

மார்ச் 25
வண்டியைக் கழுவினேன். அம்பு டயரின் வலது ஓரத்தில் ஒரு வரிசை முடியைக் காணோம். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அலமாரியைத் திறந்தேன். நகவெட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவது வளைவு வலது பக்கம்தான் திரும்பும்.

சாயங்காலம் மச்சானை வரச் சொல்லியிருக்கிறேன். வண்டியின் வலது பக்கம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தியாயிற்று.