பதின்மூன்றாவது கையெழுத்தும் என் கொட்டகைக் கைதியும்

அனுப்புநர்:
கெசியா பிரிட்செட்,
சிப்பி எடுக்கும் லெவின் பிரிட்செட்டின் மனைவி,
டார்செஸ்டர் மாவட்டம், மேரிலாந்து.

பெறுநர்:
மாண்புமிகு மேலவைத் தலைவர் அவர்கள்,
மேரிலாந்து சட்டமன்றம்,
அன்னாபொலிஸ்.

பொருள்: பன்னிரண்டு மாநிலங்கள் ஒப்பமிட்டுவிட்ட, பதின்மூன்றையும் ஒரே நாடாக இணைக்கும் கூட்டாட்சி உடன்படிக்கையில் நம் மாநிலமும் ஒப்பமிட்டு, என் கணவரைக் கைதிக் கப்பலிலிருந்து மீட்க வழிசெய்யுமாறு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த நவம்பரில் இங்கிலாந்து மன்னரின் படகுகள் எங்கள் கரையைக் கொள்ளையடிக்க வந்தன. ஆழமான நீர்வழியைக் காட்ட எங்கள் ஓடையில் கழிகள் நட்டிருப்போம். என் கணவர் அவற்றைப் பிடுங்கிச் சேற்றுத்திட்டின் மேல் நட்டுவிட்டார். கழிகளை நம்பி வந்த ஒரு படகு சேற்றில் சிக்கியது. மற்றவர்கள் தப்பியோட, ஜோப் ஹோஸ்கின் என்ற மாலுமி மட்டும் இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டு எங்களிடம் பிடிபட்டான். பின்னால் வந்த படகு என் கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

2. அவர் இப்போது மன்னரின் பிடியிலுள்ள நியூயார்க்கில் கைதிக் கப்பலின் அடித்தட்டில் இருக்கிறார். எங்கள் ஊர் செபுலன் கீனும் அதே கப்பலில் இருந்தவர். அவர் பதின்மூன்று மாநிலங்களின் பொதுப்படைச் சிப்பாய் என்பதால் ஆளுக்கு ஆள் மாற்றி விடுவித்தார்கள். என் கணவர் ஊர்க்காவல் படகில் இருந்தவர் என்பதால் அந்தப் பட்டியலில் இடமில்லையாம். கீன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "தங்கச்சி, தினம் காலையில மேல் கதவைத் திறந்து, செத்தவங்களை எடுத்துக் குடுங்கன்னு கத்துவாங்க. நான் வர்ற அன்னிக்கு லெவின் உயிரோடதான் இருந்தான். ஆனா நிக்க முடியல. சீக்கிரம் ஏதாவது பண்ணு."

3. மாலுமிக்கு மாலுமி என்பது இரு தரப்பும் ஏற்ற வழக்கம். மாற்றிக்கொள்ள என்னிடம் ஒரு மாலுமி இருக்கிறான். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் படகில் விரிகுடாவைக் கடந்து அன்னாபொலிஸ் வந்தேன். அங்கே ஒரு எழுத்தர், "கைதி மாத்துறதெல்லாம் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான வேலைம்மா. மாநிலங்களோட பொதுச்சபை இருக்கிற பிலடெல்பியாவுல போய்க் கேளு" என்றார். பனியில் ஆறு நாள் பயணம் செய்து பிலடெல்பியா போனேன். அங்கிருந்த எழுத்தர் சிரித்தார். "பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டு ரெண்டு வருஷமாச்சு. உங்க ஆளுங்க இன்னும் பேனாவையே தொடல. பதிமூணும் சேர்ந்தாத்தான் செல்லும். அதுவரைக்கும் உன் கைதி யாரு கைதின்னு நான் எழுதறது? உங்க மாநிலத்தையே போய்க் கேளு."

4. ஹோஸ்கின் யாருடைய கைதி என்று முடிவாகும்வரை என் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, ஐயா, என் கணவர் மன்னரின் கப்பலில் பட்டினி கிடக்கிறார். மன்னரின் மாலுமி என் வீட்டுச் சோள ரொட்டியும் சிப்பிக் குழம்பும் சாப்பிடுகிறான். சும்மா உட்கார்ந்து தின்ன மனமில்லாமல் வேலியையும் கட்டிக் கொடுத்தான். "கெசியாவுக்கு ராஜாவே ஆளனுப்பி வேலி கட்டித் தர்றாரு டோய்" என்று தேவாலய வாசலிலேயே கேலி பேசுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மூன்று வயது மகள் சாப்ரா சென்ற வாரம் அவனை அப்பா என்று கூப்பிட்டாள். இந்த வரி வேண்டாம் என்று எழுதுபவர் சொன்னார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன்.

5. தாங்கள் ஒப்பமிடாததற்குக் காரணம் உண்டு என்று அறிவேன். மலைக்கு அப்பாலுள்ள காடெல்லாம் எங்களுடையது என்று பெரிய மாநிலங்கள் சொல்லிக்கொண்டிருந்தால், நம்மைப் போன்ற சிறிய மாநிலம் என்ன ஆவது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிச் சொன்ன வர்ஜீனியாவே அந்தக் காட்டை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டதாக இம்மாதம் செய்தி வந்துள்ளது. இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம், ஐயா? அந்தக் காடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். லெவின் இருக்கமாட்டார். எனக்குத் தூக்கமே இல்லை, வாய்விட்டு அழக்கூட ஒரு இடமில்லை, கொட்டகையிலும் ஆள் இருக்கிறான்.

ஆகவே, ஐயா, நம் மாநிலத்தின் கையெழுத்தை உடனே இட்டுவிடும்படி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நாடு என்று ஒன்று இருந்தால்தான் அதன் பெயரில் ஒருவர் ஓர் உத்தரவு எழுத முடியும். எனக்கு அந்த ஓர் உத்தரவு போதும்.

நாள்: 22 ஜனவரி 1781
இடம்: டார்செஸ்டர்

தங்கள் பணிவுள்ள,
கெசியா பிரிட்செட்
(எழுதத் தெரியாததால் இட்ட குறி: ×)

மேற்படியார் சொல்லச் சொல்ல எழுதியவன்:
ஜோப் ஹோஸ்கின், மாட்சிமை தங்கிய மன்னரின் கடற்படை மாலுமி. தற்போது மேற்படி கொட்டகையில் கைதி.

ஐயா, இரண்டொரு வரி என் சார்பில் எழுத அந்த அம்மாள் அனுமதித்திருக்கிறார். எனக்கும் ஊரில் மனைவி இருக்கிறாள். நீங்கள் ஒரு நாடாகிவிடக் கூடாது என்றுதான் என்னைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். தயவுசெய்து சீக்கிரம் ஒரு நாடாகிவிடுங்கள்.