சிரித்துச் சொன்ன கதைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் என்மேல் எரிந்து விழுகிறார். போனில் பேச வாயெடுத்தால் எனக்கு அழுகைதான் முந்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த மாதம் உன் தம்பிக்குத் தண்டனை சொல்லப்போகிறார்கள். தள்ளியது அவன்தான், மறைக்க என்ன இருக்கிறது? வெல்டிங் பட்டறையில் கண்ணுக்குக் கண்ணாடி கேட்டதற்கு ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேச, இவன் பிடித்துத் தள்ள, அந்த மனிதர் இரும்புச் சட்டத்தில் தலை மோதி இறந்துபோனார். கோர்ட்டில் அவர் மனைவி எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கோர்ட் நியமித்த மனநல டாக்டரம்மா உனக்குப் போன் செய்தாராமே. நீ நல்லது நினைத்துத்தான் பேசியிருப்பாய். பிறவிக் குணம் என்றால் இரக்கம் காட்டுவார்கள் என்று நம் வக்கீலும்தானே சொன்னார்! சின்ன வயதில் அவன் தோற்ற கோபத்தில் கேரம் போர்டை உடைத்தது, எவ்வளவு அடித்தாலும் அழாமல் முறைத்து நின்றது, நீ அவரிடம் சொன்னதெல்லாம் நாம் விழுந்து விழுந்து சிரித்த கதைகள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிறுவயதிலிருந்தே முன்கோபி, யோசிக்காமல் செய்பவன், செய்ததற்கு வருந்தாதவன், வெளியே விட்டால் மறுபடியும் செய்வான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுப்படி தீப்பிடித்த கதையை ஏனடி சொல்லாமல் விட்டாய்? பெரியவர்கள் நாங்களே வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். உள்ளே ஓடி உன்னை இழுத்து வந்தவன் அவன். அன்று அவன் யோசித்திருந்தால் நீ இன்று இதைப் படித்துக்கொண்டிருக்கமாட்டாய். அதுவும் அதே குணம்தானே? கடிதம் கிடைத்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு இதையும் சொல். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

நேற்று ஜெயிலில் அவனைப் பார்த்தேன். வக்கீல் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியிருக்கிறார். “ஏம்மா, நான் பொறந்ததிலேருந்தே இப்படித்தானா? அக்காவே சொல்லுச்சாமே” என்று கேட்டான். கோபமே இல்லை அந்தக் குரலில். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெற்றவள் நான், இல்லையென்று சட்டென்று சொல்லியிருக்கவேண்டும். நாக்கு எழவில்லை. நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட் கேட்கிறதோ இல்லையோ, முதலில் அவனுக்கு ஒரு வார்த்தை எழுது. என் வாயில் வராததை நீயாவது சொல்லிவிடு தாயே. நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா