எண்ணி வந்த பூ

கத்தாரிலிருந்து என் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அங்கே அருங்காட்சியகத்தில் தொங்கும் பழைய துருக்கிக் கம்பளம். "உம்மா, இது சாச்சி போட்ட பூல்லா?" என்று கேட்டிருந்தாள். சாச்சி, அதாவது சின்னம்மா, என்றது என்னோடு பாய் நெய்த உன்னைத்தான். உன்னை அடக்கம் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வயிற்றெரிச்சல்.

அதே எட்டு இதழ். ஓரம் வளையாமல் படிக்கட்டாய் ஏறி இறங்கும் அதே பூ. பத்தமடையில் ஒரே தறியில் உட்கார்ந்து நாம் கோரைப்பாய் நெய்த நாட்களில், கட்டம் போட்ட தாளை நான் அரை நாள் முறைத்துக்கொண்டிருப்பேன். நீ தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை விரலால் எண்ணியே ஒரு பூவைக் கொண்டுவந்துவிடுவாய். இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாயார் கல்யாணப் பாய் சொல்ல வந்தார். இரு தலைப்பிலும் மணமக்கள் பெயர் வேண்டும், நடுவில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத பூ வேண்டும் என்றார். நீ எட்டு இதழைத் தாளில் போட்டுக் காட்டினாய், நான் என் மாங்காய்ப் பூவைக் காட்டினேன். அவர் கை உன் தாளை விட்டு நகரவில்லை. நீ தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, "அது அவ சொந்தமா போட்டதில்ல மாமி. கொழும்புப் பீங்கான் தட்டு ஒண்ணப் பாத்துப் போட்டது" என்றேன். "அப்படியா? அப்ப மாங்காயே இருக்கட்டும்" என்று அவர் என் தாளை எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஊரில் உனக்குப் 'பாத்துப் போடுறவ' என்று பெயர் நின்றுவிட்டது. கிளப்பியது யார் என்று தெரிந்தும் நீ சண்டைக்கு வரவில்லை. "ஏட்டி, நான் எதையும் பாக்கல. எட்டுப் பக்கமும் ஒண்ணுபோல வரணும்னு எண்ணிப் பாரு, எந்த ஊருக்காரிக்கும் இங்கனதான் வந்து நிக்கும்" என்று மட்டும் சொன்னாய். நான் காதில் வாங்காதவள் போலக் கோரையைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

மகள் அனுப்பிய படத்துக்குப் பிறகு போனில் தேடிப் பார்த்தேன். பெரு நாட்டு மலையில் நெய்யும் துணியில் அந்தப் பூ இருக்கிறது. நார்வேக்காரர்கள் கம்பளியில் பின்னுகிற கையுறையிலும் இருக்கிறது, அதே படிக்கட்டோடு. நீ சொன்னதுதான் சரி. என் மாங்காயையும் தேடினேன். அது பாரசீகப் பட்டிலும் காஷ்மீர் சால்வையிலும் இருந்தது. சால்வையைப் பார்த்து ஸ்காட்லாந்துத் தறியிலும் ஓட்டியிருக்கிறார்கள். பார்த்துப் போட்டவள் உண்மையில் நான்தான். டவுண் கடையில் எடுத்த சேலைக் கரையின்மேல் தாளை வைத்து அந்த மாங்காயை ஒற்றி எடுத்தேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏன் உம்மா அப்படிச் சொன்னீக?" என்றாள்.

"எனக்கு வரல, அவளுக்கு வந்துச்சு. அதான்" என்றேன்.

இன்று தறியில் கிடப்பது உன் பூ. காலையில் கல்யாணப் பாயைப் பார்க்க வந்த பெண்வீட்டார் வாயாரப் புகழ்ந்தார்கள். "பூ என்னுது இல்ல" என்று உன் பெயரைச் சொன்னேன். இனி கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியத்தான் செய்யும்.