வீரபாண்டி தாண்டினால் மூடும் புத்தகம்

இன்று காலை மகளின் அறைக் கதவைத் திறந்ததும் தலைவலித் தைலத்தின் வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் வீட்டிலும் இதே வாசம்தான்.

மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கிறாள். சுவரில் அவளே போட்ட கால அட்டவணை. கண் விழிப்பது முதல் படுப்பது வரை வண்ண வண்ணக் கட்டங்கள். எதுவும் எழுதாத கட்டம் ஒன்றுகூட இல்லை.

"தலை வலிக்குதா ஆத்தா?" என்றேன்.

"லேசாத்தாம்மா. பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்."

அது நீ சொன்ன சொல்.

நாம் கல்லூரிக்குப் போன காலத்தில் உனக்குத் திராட்சைத் தோட்டத்து வேலை, எனக்கு அப்பாவின் பலசரக்குக் கடை. "பஸ்சுதான்டி நம்ம படிக்கிற ரூம்பு" என்று நீதான் ஆரம்பித்தாய். கம்பத்தில் ஏறினால் உத்தமபாளையம் வரை ஒரு பாடம். அங்கிருந்து சின்னமனூர் வரை இன்னொன்று. அதன்பின் வீரபாண்டி வரை ஒருவரையொருவர் கேள்வி கேட்க வேண்டும். நான் திணறினால், "இவள உத்தமபாளையத்துலயே எறக்கி விட்டுருக்கணும் கண்டக்டரண்ணே" என்பாய். வீரபாண்டி தாண்டினால் படிப்புப் பேச்சே கூடாது. தேர்வு நாளில் நான் பயந்துபோய் மறைத்துப் புரட்டினாலும் புத்தகத்தைப் பிடுங்கி உன் மடியில் வைத்துக்கொள்வாய்.

"படிச்சது உள்ள எறங்க எடம் வேணாமாடி? வெளிய பாரு."

வயலைப் பார்த்துக்கொண்டே தேனியில் வந்து இறங்குவோம்.

அந்த நீ, பிள்ளை பிறந்தபின் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தபோது உனக்கென்று அந்தக் கடைசித் தூரத்தை வைத்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் படித்தாய். தொட்டிலை ஆட்டிக்கொண்டே படித்தாய். தலைவலியைத் தேர்வுக்கு அப்பால் தள்ளிவைத்தாய். கண் விழித்துப் படிப்பதால் வரும் வலி என்றே எல்லோரும் நம்பினோம். மூளையில் கட்டி என்று மதுரையில் சொன்ன வாரத்தில்தான் உன் ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு நாளில் நீ இல்லை.

காலையில் உன் தலைவலியை நினைவூட்டியதும், "அத்தைக்கு வந்தது வேறம்மா. எனக்குத் தூக்கமில்ல, அவ்வளவுதான்" என்றாள் மகள். அப்படியே இருக்கட்டும். ஆனாலும் டாக்டரிடம் காட்ட அவளை இழுத்துக்கொண்டு தேனி பஸ் ஏறினேன். சின்னமனூர் வந்தும் அவள் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. வீரபாண்டி தாண்டியதும் என் கை தானாக நீண்டு அதை மூடியது.

"அம்மா, என் நேரம் போகுது."

"போகட்டும். வெளிய பாரு."

முறைத்தபடிதான் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்று டாக்டரம்மா சொன்னாக. மகள் உள்ளே இருக்கிறாள். வெளியே பெஞ்சில், மடியில் மூடிக் கிடக்கும் அவள் புத்தகத்தின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுத்து கோணுகிறது. அவள் வெளியே வந்ததும் புத்தகத்தைத்தான் கேட்பாள். வீடு போய்ச் சேரும்வரை தரமாட்டேன்.