உன் குரலைத் திருடியது யார்?

என் உயிர் மச்சான் தாஸுக்கு,

மேனாம்பேட்டில் உன் முகம் ஒட்டாத சுவர் இப்போது இல்லை. நம் ஒத்திகைச் சத்தம் தாங்காமல் போலீசைக் கூப்பிட்ட எதிர்வீட்டுக்காரரே உனக்குப் பேனர் வைத்திருக்கிறார். சிரிக்கிறாயா? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ போய் மூன்று வருடம் ஆன பிறகு, உன் குரலில் ஒரு புதுப் பாட்டு வெளியானது. கணினியில் செய்த குரல். நீ பாடவே பாடாத பாட்டு. பாடி மேம்பாலத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோவிலிருந்து கேட்டது. டம்ளரை வைத்துவிட்டு அந்த ஆட்டோவின் பின்னால் ஓடினேன். எதற்கு ஓடினேன்?

அந்த ஆத்திரத்தில் ஒரு ராக் பாட்டு எழுதினேன். நம் பேண்டில் இவ்வளவு வேகமான பாட்டு இருந்ததே இல்லை. 'நீ சாமி இல்ல' என்று தொடங்கும். நீ சுருதி தவறியதை, குடித்துவிட்டு மேடைக்கு வராமல் போனதை எல்லாம் சொல்லும். கடைசியில், 'செத்தவன் குரலைத் திருடினது யாரு?' என்று நான் கத்த வேண்டும்.

உன் நினைவுநாள் கச்சேரியில் அதைப் பாடுவதாக இருந்தேன். முதலில் உன் பெண்டாட்டி கேட்கட்டும் என்று கிட்டாரோடு நூம்பலுக்குப் போனேன். செல்வி என் கூடப்பிறந்த தங்கச்சிதான். ஆனாலும் வாசலிலேயே நின்று கிட்டாருக்கு மூன்று தடவை சுருதி சேர்த்தேன்.

குடியைப் பற்றிய வரிக்குத் தலையாட்டினாள். கடைசி வரியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் திருடலண்ணா. அவரு குரல கம்பெனிக்காரங்களுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"இன்னா சொல்ற?"

"அப்பா புதுசா பாடவே மாட்டாரான்னு பாப்பா கேட்டுகினே இருந்தா. தாங்க முடியல. தப்பாண்ணா?"

"பாப்பா அந்தப் பாட்டக் கேட்டாளா?"

"ஒரே வாட்டி. அப்பால, நிறுத்தும்மான்னுட்டா."

யாருக்கும் தெரியாமல் தினமும் அந்தக் குரலை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனாலும் அம்பத்தூர் மேடையில் பாடினேன், மச்சான். "எறங்குடா கீழ!" என்று உன் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று தோளில் வந்து விழுந்தது. கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: 'செத்தவனைத் தூங்க விடாதவங்க நாங்கதான்.' முன்வரிசையில் செல்வி பாப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை.

இறங்கி வந்ததும், "ரொம்ப வேகமா வாசிச்சிட்டண்ணா" என்றாள். அவ்வளவுதான். உன் கணினிப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல் என்று செல்வியிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஒன்று மட்டும் உறுதி. உன்னைப் பற்றிப் பாப்பா எது கேட்டாலும் அழகுபடுத்தாமல் சொல்வேன். நீ குடித்ததையும் சொல்வேன். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தொண்டை கிழியப் பாடி நர்ஸிடம் திட்டு வாங்கினாயே, அதையும் சொல்வேன். சத்தியம்டா.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உனக்கு எப்போதும் மச்சான்,
ரமணி